பின்னால் பார்க்க முடிகிற சைக்கிள்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், விலை பார்ப்பார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கியர் பார்ப்பார்கள். நான் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கழுத்தைத் திருப்பினால் பின்னால் வருகிறவன் தெரிகிறானா என்றுதான் பார்த்தேன். ஹட்டன் பஜாரில் அந்தக் கடை முதலாளி இப்படி ஒருத்தியைக் கண்டிருக்க மாட்டார்.

"என்னாம்மா, முன்னுக்குப் போறதுக்குத்தானே சைக்கிளு? பின்னுக்கு என்னா பாக்குறீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒங்கள ஒருத்தன் ஆட்டோவுல வெரட்டிக்கிட்டு வந்தா நீங்களும் பின்னுக்குத்தான் பாப்பீங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என்னை விரட்டியவன் என் புருஷன். எங்கள் பக்கம் புருஷனை "அவரு" என்றுதான் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். அவன் முழங்கை என் தாடையில் இறங்கிய அன்று சாயந்திரம்கூட, "அவரு வர்ற நேரம்" என்று சொல்லிக்கொண்டே சோறு வடித்தேன். இப்போது எழுதும்போது அந்த மரியாதையைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவன் குடிகாரன் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடிக்கிறவன் என்றதும் குடிகாரன் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவன் நிதானத்தில் அடிப்பவன். ஆட்டோவைத் துடைத்து, உள்ளே இருக்கும் சாமி படத்துக்குப் பூ வைத்து, கை கால் கழுவிக்கொண்டு வந்து அடிப்பான். குழம்பில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி, போனில் யாரோடாவது சிரித்துப் பேசினால் அதற்குத் தனி அடி. ஒரு நாள் என் இடது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அந்த விரல்கள் இன்றும் முழுசாக மடங்குவதில்லை.

அதன் பிறகுதான் அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். அத்தான் கொழும்பில் வேலை. மேட்டு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒற்றை அறையான ஒரு காம்பராவில் அவளும் நானும். நான் வந்த வாரமே அவன் தோட்டத் தலைவரைப் பிடித்துவிட்டான். யூனியன் தலைவர் என்று பெயர், ஆனால் சம்பளத் தகராறு முதல் புருஷன் பெண்டாட்டி தகராறு வரை எல்லாம் அவரிடம்தான் போகும். கோயில் வாசலில் என்னை நிற்க வைத்துப் பேசினார்.

"கை நீட்டுறது தப்புதான், நான் இல்லேங்கல. ஆனா நீயும் கொஞ்சம் வாயக் கொறைச்சுக்கணும். போயி ஒழுங்கா குடும்பம் நடத்து."

"நீங்க வேணுன்னா போயி அவனோட குடும்பம் நடத்துங்க" என்றேன்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து தோட்டத்தில் நான் வாயாடி. எனக்காகப் பேச வந்திருக்கக் கூடியவர்களும் அதோடு ஒதுங்கிக்கொண்டார்கள்.

என் வேலை கீழே நீர்த்தேக்கக் கரையில். ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே படுக்கை விரிப்பும் துவாயும் தோய்த்து மடிப்பது என் பொறுப்பு. மேட்டு லயத்திலிருந்து தோட்ட ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிச் சந்திக்கு வரும். சந்தியில் ஆட்டோ ஸ்டாண்ட். ஸ்டாண்டில் அவன். பஸ் ஏற வேண்டுமானாலும் அவன் முன்னால்தான் நிற்க வேண்டும்.

ஒரு காலை எப்படியோ பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவன் பின்கதவால் ஏறி வந்து கொண்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். பிடித்த கையில் குத்தினான். மிதிபலகை வழியாக என்னை ரோட்டில் இறக்கிப் போட்டபோது முழங்கால் தாரில் உரசிச் சதை தெரிந்தது. பஸ் நிறைய ஆட்கள். எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "புருசன் பொஞ்சாதி விசயம், நமக்கு எதுக்கு? ரைட், போ" என்றார். பஸ் போய்விட்டது. அவன் அடித்ததெல்லாம் ஆறிவிட்டது. அந்த "ரைட்" மட்டும் நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதன் பின் சந்திப் பக்கமே போகவில்லை. தேயிலைக்குள் நேராக இறங்குகிற குறுக்குப் பாதை ஒன்று உண்டு. கொழுந்துக்காரப் பெண்கள் நடக்கிற பாதை. சந்தியைத் தொடாமல் கீழே பாலத்தருகில் போய்ச் சேரும். நான் அதில் ஓடினேன். மேலே என் தலை தெரிந்ததும் அவன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு ரோட்டைச் சுற்றி வந்து பாலத்தில் நிற்பான். சில நாள் நான் முந்துவேன். சில நாள் அவன் முந்துவான். அவன் முந்திய நாட்களில் கன்னம் வீங்கித்தான் வேலைக்குப் போவேன். ஓட்டத்தில் எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, இப்படித்தான் வந்தது.

நீச்சல் ஹோட்டலில் வந்தது. ஒரு விருந்தாளியின் பிள்ளை நீச்சல் குளத்தில் மூழ்கப் போனதும், வேலை செய்கிற எல்லாரும் நீந்தப் பழக வேண்டும் என்று முதலாளியம்மா உத்தரவு போட்டுவிட்டார். குளத்தைப் பார்த்துக்கொண்ட பையன் கடற்படையில் இருந்தவன், சிங்களவன், என்னைவிட இளையவன். நான் அவனை மல்லி என்பேன், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் அதுதான். அவன் என்னைத் தமிழில் அக்கா என்பான். மற்றவர்கள் மிதக்கத் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. தண்ணீருக்குள் என் முடியை யாரும் பிடிக்க முடியாது, என்னைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்காது. விருந்தாளிகள் எழும்புவதற்கு முன்னால் போய், மூச்சு முட்டும் வரை நீந்தினேன். சில நாள் தண்ணீருக்குள் வாய் திறந்து புருஷனைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன். குமிழிதான் வரும். மனசுக்கு நன்றாக இருக்கும்.

ஒரு நாள் மல்லி சொன்னான், "அக்கா, நீந்துறீங்க. ஓடுறீங்க. ஒரு சைக்கிள் மட்டும் வாங்கினா ட்ரையத்லன் செய்யலாம்." அப்படி ஒரு போட்டி இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். நீந்தி ஏறியதும் ஈரத்தோடு சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம், நடுவில் மூச்சு வாங்க நேரம் கிடையாது. கீழே கடற்கரை ஊரில் புதியவர்களுக்கு என்று ஒரு சின்னப் போட்டி வைப்பார்களாம். அவன் விளக்கிக்கொண்டே போனான். எனக்கு ஒன்றுதான் மனசில் விழுந்தது. அங்கே விரட்டி வருகிறவர்கள் முதுகில் நம்பர் குத்திக்கொண்டு வருவார்கள், முடிவுக் கோடு வந்ததும் விரட்டுவதை நிறுத்திவிட்டு வாழைப்பழம் தின்பார்கள். எனக்கு அந்த உலகம் ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்படித்தான் நானும் மல்லியும் அந்தக் கடையில் போய் நின்றோம். முதலாளி முதலில் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மல்லி தலையாட்டினான். உள்ளே இருந்து ரேஸ் சைக்கிள் ஒன்றை எடுத்து வரச் சொன்னான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் சுற்ற வந்து விற்றுவிட்டுப் போனதாம். கறுப்பு. டயர் என் கட்டை விரல் அகலம். ஹேண்டில் ஆட்டுக்கடா கொம்பு போலக் கீழே வளைந்திருந்தது.

"இதுதான் அக்கா. இதுல குனிஞ்சு உக்காந்தா காத்து ஒங்கள ஒண்ணும் செய்யாது. போட்டிக்கு இதுதான் சரி."

ஏறிக் குனிந்தேன். நெஞ்சு கம்பியில் படிந்தது, பின்கழுத்து திறந்துகொண்டது, இரண்டு கையும் முன்னால் மாட்டிக்கொண்டன. சுவர் ஓரமாகக் குனிந்து புருஷன் அடியை முதுகில் வாங்கிய அதே இருப்பு. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் தோளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குதித்து இறங்கிவிட்டேன். "இது வேணாம்" என்றேன். ஏன் என்று மல்லி கேட்டான். "வேணான்னா வேணாம்" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. பாவம், அவனுக்கு எல்லாம் தெரியாது.

மூன்றாவது சைக்கிள் மூலையில் சாத்திக் கிடந்தது. மலை ஏறுகிற சாதி, தடித்த பல் டயர், நேரான ஹேண்டில். நிமிர்ந்து உட்காரலாம். கழுத்தைத் திருப்பினால் பஜார் தெரு கடைசி வரை தெரிந்தது. தோளில் தூக்கிப் பார்த்தேன், தேயிலைக்கு நடுவே வெட்டியிருக்கும் வடிகாலை, அந்தக் கானைத் தாண்டித் தூக்கிப் போக முடியுமா என்று. முடிந்தது. கூடைச் சைக்கிளின் பிரேக்கை அமுக்கியபோது என் இடது கை விரல்கள் ஒத்துழைக்கவில்லை, வலித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டன. இதில் சக்கரத்தின் நடுவே பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு இருந்தது, அதைத்தான் பிரேக் கவ்வும். டிஸ்க் பிரேக். ஒற்றை விரலால் தொட்டாலே போதும், சக்கரம் அப்படியே நின்றது. எனக்கு இருந்த நல்ல விரலே போதும்.

"இது போட்டிக்குப் பாரம் அக்கா. மத்தவங்க எல்லாரும் முந்திடுவாங்க" என்றான் மல்லி.

"முந்தட்டும். அவங்க முந்தினா எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

என் கணக்கு நேரானது. இந்தச் சைக்கிள் குறுக்குப் பாதையில் இறங்கும். ஆட்டோ ரோட்டைச் சுற்றிப் பாலத்துக்கு வருவதற்குள் நான் பாலத்தைத் தாண்டி ஹோட்டல் கேட்டுக்குள் போயிருப்பேன். தினமும் இப்படி முந்திவிட்டால் அவன் சலித்துப்போவான், அல்லது பைத்தியமாவான், இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஒரு நாள்கூட அவன் கையில் சிக்காமல் வேலைக்குப் போய் வர வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும், வேலையை விட்டால் அவனிடம்தான் போக வேண்டும். நான் சைக்கிள் தேர்ந்தெடுத்த லட்சணம் இதுதான்.

பணத்துக்குத் தாலியை விற்றேன். அதுவும் பஜாரில்தான், சைக்கிள் கடைக்கு நாலு கடை தள்ளி. கழற்றிக் கொடுக்கும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, கழுத்து அரித்ததுதான் மிச்சம்.

அக்கா என் வெறுங் கழுத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். "தாலிய வித்து சைக்கிளா? அவன் ஒன்னக் கொல்லுவான்டி. கொல்லாம உடமாட்டான்" என்றாள். "கொல்றதுன்னா மொதல்ல பிடிக்கணும்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். கோயிலில் பூசை போடாமல் அந்தச் சைக்கிளில் ஏறக் கூடாது. தாலி விற்ற காசில் வந்த வண்டி, தோஷம் சும்மா விடாது என்றாள். எங்கள் பக்கம் லொறி வாங்கினாலும் ஆட்டோ வாங்கினாலும் மாரியம்மன் முன்னால் நிறுத்திப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கிய பிறகுதான் ரோட்டுக்கு எடுப்பார்கள். நானும் சரி என்றேன். எனக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது, பொய் சொல்வானேன்.

பூசாரி என் கழுத்தைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். மற்றதையெல்லாம் அக்கறையாகச் செய்தார். மலையில் மழைக்கும் பனிக்கும் வெறும் குங்குமம் நிற்காது, அதனால் விளக்கில் இருந்த எண்ணெயில் குழைத்துப் பூசுவது வழக்கம். ஹேண்டிலில் ஒரு பொட்டு, சீட்டில் ஒரு பொட்டு. சக்கரத்துக்கு வந்தவர் அந்த வட்டத் தட்டைப் பார்த்துவிட்டார். சக்கரத்துக்குள் இன்னொரு சக்கரம், அதுவும் கண்ணாடி மாதிரி. அம்மனுக்கு இதைவிட நல்ல இடம் ஏது? முன் தட்டிலும் பின் தட்டிலும் சுற்றி வரத் தாராளமாகப் பொட்டு வைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் அதை ஒற்றி ஒற்றிச் சமமாக்கி விட்டாள். மூன்று பேரும் கும்பிட்டோம். பிரேக் தட்டில் எண்ணெய் படவே கூடாது என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை பனி கலைந்துகொண்டிருந்தது. சைக்கிளை வெளியே எடுத்தபோதே தெரிந்துவிட்டது, செய்தி ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறது. அவன் சந்தியில் காத்திருக்கவில்லை. ஆட்டோவை மேலேயே கொண்டு வந்து லயத்துக்குப் பக்கத்து வளைவில் நிறுத்தியிருந்தான். என்னைக் கண்டதும் இறங்கவில்லை, திட்டவில்லை. எஞ்சினைப் போட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குறுக்குப் பாதை ரோட்டிலிருந்து பிரிகிற இடம் கொஞ்சம் கீழே, கொண்டை ஊசி வளைவைத் தாண்டி. அதுவரை ரோட்டில்தான் போக வேண்டும். மிதித்தேன். இறக்கம் என்னை வாங்கிக்கொண்டது. பின்னால் ஆட்டோ கத்திக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், ஆட்டோவின் மூக்கு என் பின் டயரைத் தொடுகிற தூரம். இடித்துத் தள்ளத்தான் வருகிறான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் மிதித்தேன். வளைவு வந்தது. நல்ல விரலால் பிரேக்கைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வலது கையால் அமுக்கினேன். ஒன்றும் இல்லை. இரண்டு பிரேக்கையும் ஒடிந்த விரல்களாலும் சேர்த்துப் பிடித்து ஹேண்டிலோடு இறுக்கினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. கத்தினேன். அம்மனைக் கூப்பிட்டேனா அவனைத் திட்டினேனா ஞாபகமில்லை.

வளைவுக்குக் கீழே கவ்வாத்து வெட்டிய மலை. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவது. ஒவ்வொரு கிளையும் சரிவாகச் சீவிய முளையாக மேலே பார்த்துக்கொண்டு நிற்கும். இலை வளர்ந்த தேயிலையில் விழுந்திருந்தால் மெத்தை. நான் அதில் விழுந்தேன். சைக்கிள் ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் உருண்டேன். ஒரு முளை முன்கையில் ஏறி மறுபக்கத் தோலைத் தூக்கியது. ஒன்று கன்னத்தைக் கிழித்தது. விலா எலும்பில் ஏதோ கழன்றது. வாயில் மண்ணும் ரத்தமும் ஒரே சுவையாக இருந்தன. கானில் போய்த்தான் உருள்வது நின்றது.

சில நாள் கழித்து மல்லி அந்தச் சைக்கிளைத் தூக்கி வந்து பார்த்தான். தட்டைத் தொட்டு விரலை முகர்ந்துவிட்டு, "அக்கா, இதுல யாரு எண்ணெய் பூசினா?" என்றான். சொன்னதும் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

அன்று காலை என் புருஷன் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கி வந்தான். கானில் கிடந்தபடி அவன் செருப்பைத்தான் பார்த்தேன். உதைக்கப் போகிறான் என்று முகத்தை மூடினேன். உதைக்கவில்லை.

"ஏய், செத்துட்டியாடி? ஏய்!" என்றான். அவன் குரல் நடுங்கியது. என் மேல் உள்ள பாசத்தில் இல்லை. பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டான். எத்தனை நாள் எந்த ஆட்டோவுக்குத் தப்பி ஓடினேனோ, அதே ஆட்டோவில், அதே சாமி படத்துக்குப் பின்னால், ரத்தம் ஒழுகக் கிடந்தேன். எனக்கு வலியைவிட அதுதான் தாங்கவில்லை.

"எஞ் சைக்கிள்" என்றேன்.

"சைக்கிளா? அத எரிக்கிறேன் இரு. தாலிய வித்துட்டு சைக்கிளா கேக்குது ஒனக்கு? ஆஸ்பத்திரியில கட்டு போட்டுக்கிட்டு நேரா வீட்டுக்கு வர்ற. இனி வாசலத் தாண்டினா கால ஒடிச்சு மூலையில போட்ருவேன்." வளைவுக்கு வளைவு இதையே சொன்னான். ஒவ்வொரு குழியிலும் விலா குத்தியது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: முடிந்துவிட்டது. தாலியை விற்று வாங்கியது ஒரு காலைக்குக்கூட நிற்கவில்லை, நானே என்னை இவன் கையில் கொண்டு வந்து போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காயம் கழுவிய நர்ஸ் சிங்களப் பெண், நடுத்தர வயது, என் முகம் தெரிந்தவள். தெரியாமல் எப்படி இருக்கும்? தாடைக்கு அவளிடம்தான் வந்தேன். விரலுக்கு அவளிடம்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் பக்கத்தில் நிற்க, குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன், படியில் தடுக்கி விழுந்தேன், விறகு எடுக்கப் போய் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவையும் அவன்தான் முந்திக்கொண்டு, "சைக்கிள்லருந்து விழுந்துட்டா மிஸ்" என்றான். நர்ஸ் அவனைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். கன்னத்துக் கிழிசலைப் பார்த்தாள். "வெளியே போ" என்று அவனிடம் சொன்னாள். அவன் நகரவில்லை. அவள் கையிலிருந்த தட்டை மேசையில் ஓங்கி அடித்தாள். "வெளியே போ!" கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிப் பொலிஸிலிருந்து ஒரு பெண் பொலிஸ் வந்தாள். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணும் செய்யல சார்! சத்தியமா செய்யல!" அவன் கத்தினான். பிறகு என்னைப் பார்த்துக் கெஞ்சினான். "சொல்லுடி. நீயா விழுந்தேன்னு சொல்லு. நீதானே விழுந்த? சொல்லு, தாயே!"

நானாகத்தான் விழுந்தேன், அவன் சொன்னது உண்மை. எனக்குத் தெரிந்து அவன் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான். ஒருத்தருக்கும் அது உண்மையாகப் படவில்லை. அந்தப் பெண் பொலிஸ் என் கட்டிலருகில் குனிந்து சிங்களத்தில், "பயப்படாதே, அவன்தானே அடித்தான்? தலையை ஆட்டினால் போதும், எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.

தலையை ஆட்டினால் போதும். எத்தனையோ தடவை அவனுக்காகப் பொய் சொன்ன வாய். எனக்காக ஒரு பொய், அதுவும் வாயைத் திறக்காமலே. அவன் உள்ளே போவான். நான் சந்தி வழியாக நடப்பேன். எனக்கு ஆசையாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. அவன் முகத்தில் ஓடிய பயத்தைப் பார்க்கப் பார்க்க வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

ஆனால் எனக்குள் ஒரு ரோஷம் கிளம்பியது. தாலியை விற்றது நான். மூன்று சைக்கிளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது நான். அந்த இறக்கத்தில் மிதித்தது நான். வளைவில் பறந்தது நான். இத்தனை வருஷத்தில் என் உடம்பில் இருக்கிற காயங்களில் அவன் கை படாமல் நானே சம்பாதித்தது இது மட்டும்தான். இதையும் அவனுக்குக் கொடுப்பதா?

எழுந்து உட்கார்ந்தேன். விலா கத்தியது. என் உடைந்த சிங்களத்தில், வாசலுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். குளிக்கிற இடத்தில் விழுந்தேன் என்றது பொய், அவன் முழங்கையால் தாடையில் அடித்தான். படியில் விழுந்தேன் என்றது பொய், அவன் உதைத்தான். விறகு என்றது பொய். இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "இத மடக்கினது அவன். படம் எடுத்துப் பாருங்க, ரெண்டு எடத்துல ஒடைஞ்சிருக்கும்." பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டதைச் சொன்னேன். பாலத்தில் நின்று அடித்ததைச் சொன்னேன். இன்று காலை ஆட்டோவால் என்னை விரட்டியதையும், வண்டியில் வைத்து என்ன சொல்லி மிரட்டினான் என்பதையும் சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழில் சொன்னேன், நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். அவன் கெஞ்சலை நிறுத்திவிட்டுப் பழைய மாதிரி என்னை முறைத்தான். கான்ஸ்டபிள்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது கொன்றுவிடுவேன் என்று கத்தினான். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பெண் பொலிஸ் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்படியானால் இன்றைக்கு உள்ள இந்தக் காயமெல்லாம்?" என்று கேட்டாள்.

"அது எஞ் சைக்கிள்ல நான் விழுந்தது. புதுசு, இப்பத்தான் பழகுறேன். அத அவன் பேருல எழுதாதீங்க."